கார் சவுண்ட் சிஸ்டம்: முதல் ரூபாயை முன் கதவில் போடுங்கள்

ஆக்சசரீஸ் கடைக்குப் போய் "சவுண்ட் நல்லா இருக்கணும்" என்று சொன்னால், பெரும்பாலும் முதலில் எடுத்துக் காட்டுவது டிக்கியில் வைக்கிற பேஸ் டியூபைத்தான். அடுத்தது, பின்னால் பார்சல் டிரேயில் துளை போட்டு வைக்கிற 6×9 ஓவல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. இரண்டும் சத்தத்தைக் கூட்டும். ஆனால் பாடுகிறவரின் குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும்; மிருதங்கமும் பேஸ் கிடாரும் ஒன்றோடொன்று கலந்து வெறும் அதிர்வாகக் கேட்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சரியான வரிசை வேறு. முன் கதவு ஸ்பீக்கர்கள், அந்தக் கதவுகளுக்கு டேம்பிங் (தகட்டின் அதிர்வை அடக்கும் ஷீட் ஒட்டுவது), பிறகு நான்கு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), கடைசியாக, ஆழமான பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபர். எந்தப் படியிலும் நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த படிக்குப் போகும்போது முன்பு வாங்கியது எதுவும் வீணாகாது.

இங்கே சொல்வதெல்லாம் சாதாரண ஹேட்ச்பேக் ஒன்றை மனதில் வைத்து: கம்பெனி கொடுத்த டச்ஸ்கிரீன், முன் கதவுகளில் ஆறரை இன்ச் ஸ்பீக்கர், 12 வோல்ட் பேட்டரி. அந்த டச்ஸ்கிரீனைக் கழற்ற வேண்டாம். ஸ்டீயரிங் பட்டன், ரிவர்ஸ் கேமரா எல்லாம் அதோடு இணைந்திருக்கும். அதை வைத்துக்கொண்டே நல்ல சவுண்ட் எடுக்க முடியும்.

30,000 ரூபாய் இருந்தால், ஏறத்தாழ 8,000 முன் ஸ்பீக்கருக்கும், 10,000 ஆம்புக்கும், 4,000 டேம்பிங் ஷீட்டுக்கும், 3,000 வயர், பியூஸ், கப்ளருக்கும் ஒதுக்குங்கள். மீதி கூலிக்கும் சில்லறைச் சாமான்களுக்கும் சரியாகப் போகும். பின் கதவு ஸ்பீக்கரைத் தொடவே வேண்டாம். பின் சீட்டில் இருப்பவர்களுக்குக் கம்பெனி ஸ்பீக்கரே போதும்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸ்

ஸ்டீரியோவின் பெட்டியில் "4×50 வாட்ஸ்" என்று இருக்கும். ஓடும் காரில் கிடைக்கும் 14.4 வோல்ட்டை ஒரு பொட்டுகூட வீணாக்காமல் பயன்படுத்தினாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதைவில்லாமல் 26 வாட்ஸுக்கு மேல் தர வழியில்லை. நடைமுறையில் கிடைப்பது ஒரு சேனலுக்கு 15 முதல் 20 வாட்ஸ். அதற்கு மேல் வால்யூமைத் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு, உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் கிறீச்சிட ஆரம்பிக்கும். ஆகவே ஸ்பீக்கரானாலும் ஆம்பானாலும் ஆர்எம்எஸ் வாட்ஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் அல்லது தரும் வாட்ஸ், எவ்வளவு என்று மட்டும் பாருங்கள். "மேக்ஸ்", "பீக்" என்று இருக்கும் பெரிய எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஸ்பீக்கர் வாங்கும்போது வாட்ஸைவிட முக்கியமானது சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கும் வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு. 3 டெசிபெல் அதிகம் என்றால், அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். உடனே ஆம்ப் போடப்போவதில்லை என்றால் 90 டெசிபெல்லுக்குக் குறையாத ஸ்பீக்கரை எடுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: சில கம்பெனிகள் இதை 1 வாட்ஸுக்கு அளக்கும், சில 2.83 வோல்ட்டுக்கு அளக்கும். 4 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட்ஸ். அதனால் அந்த எண் 3 டெசிபெல் கூடுதலாகத் தெரியும். ஒப்பிடுவதற்கு முன் அதைக் கழித்துவிடுங்கள்.

முன் கதவுக்கு காம்போனன்ட் செட்தான் எங்கள் பரிந்துரை. தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபர் கதவில் கீழேயும் ட்வீட்டர் கண்ணாடி மூலையிலும் தனித்தனியாக உட்காருவதால், குரல் முழங்கால் உயரத்திலிருந்து டாஷ்போர்டு உயரத்துக்கு ஏறிவிடும். ட்வீட்டர் வைக்க இடமே இல்லாத காரில் மட்டும், இரண்டும் ஒன்றாகவே அமைந்த கோஆக்சியல்.

வாங்குவதற்கு முன் ஆழத்தை அளந்துவிடுங்கள். கதவுக் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் தகட்டிலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். ஆறரை இன்ச் ஸ்பீக்கர்களின் ஆழம் பெரும்பாலும் 55 முதல் 70 மில்லிமீட்டர். காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே குறைந்தது 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இடம் போதாவிட்டால் ஸ்பேசர் ரிங் போட்டு முன்னே தள்ளலாம். ஆனால் அதிகமாகத் தள்ளினால் டோர் பேடின் கிரில்லில் கோன் இடிக்கும்.

கதவைத் திறப்பது

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். பெரும்பாலான கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் போதும். ஸ்டீரியோ மறுபடி இயங்க ரகசிய எண் (PIN) கேட்கும் மாடல் என்றால் அதைத் தெரிந்துகொண்ட பிறகே கழற்றுங்கள். ஏர்பேக் சிஸ்டத்தில் தேங்கிய மின்சாரம் வடிய, எதையும் தொடாமல் பத்து நிமிடம் காத்திருங்கள். மஞ்சள் நிறக் கப்ளர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றைப் பிரிக்கவோ மீட்டர் வைத்துச் சோதிக்கவோ கூடாது. சீட்டுக்கு அடியில் வேலை செய்யும்போதும் இதே எச்சரிக்கை.

டோர் பேடில் ஸ்குரூ வழக்கமாக இருக்கும் இடங்கள்: உள் கைப்பிடிக்குப் பின்னால், கதவை இழுக்கும் குழிக்குள், சில கார்களில் கீழ் ஓரத்தில். சின்ன மூடிகள் அவற்றை மறைத்திருக்கும். எல்லாம் கழற்றிய பிறகு, பிளாஸ்டிக் பிரை டூலைக் கீழ் மூலையில் நுழைத்து, கிளிப்புக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போகும். கிளிப்புகள் உடைவது சகஜம். அந்த மாடலுக்குரிய கிளிப் பத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பேடை நேராக இழுக்காமல் மேல்நோக்கித் தூக்கினால் கண்ணாடி ஓரத்திலிருந்து விடுபடும். பின்னால் பவர் விண்டோ கப்ளரும் கைப்பிடி கேபிளும் தொங்கும், அவற்றை விடுவித்த பிறகு பேடை எடுங்கள்.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். கதவுக்குள் மழைநீர் இறங்கி அடியிலுள்ள துளைகள் வழியே வெளியேறுவது வழக்கம்; அந்த நீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள். கிழித்துப் போட்டுவிட்டு அப்படியே மூடினால், ஐப்பசி மழையில் தரைக் கார்பெட் ஊறிவிடும்.

டேம்பிங்: பலர் தவிர்க்கும், தவிர்க்கவே கூடாத வேலை

ஸ்பீக்கர் கோன் முன்னே தள்ளும் அதே நேரத்தில் பின்னே காற்றை உறிஞ்சும். முன்னால் வரும் அலையும் பின்னால் வரும் அலையும் நேரெதிரானவை. கதவின் உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகள் வழியே பின் அலை வெளியே வந்து முன் அலையோடு சேர்ந்தால் பேஸ் அடிபட்டுப் போகும். எத்தனை ஆயிரம் ரூபாய் ஸ்பீக்கர் போட்டாலும் "பேஸ் இல்லையே" என்று சொல்ல வைப்பது இதுதான். அந்த ஓட்டைகளை அடைத்தால், கம்பெனி ஸ்பீக்கரிலேயே வித்தியாசம் கேட்கும்.

அலுமினியத் தாள் மேலே ஒட்டிய பியூட்டைல் ரப்பர் ஷீட், 2 மில்லிமீட்டர் தடிமன், வாங்குங்கள். ஒரு கதவுக்கு 6 முதல் 8 சதுர அடி ஆகும். தார் கலந்த மலிவான ஷீட் வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் நிற்கும் காரின் கதவில் அது இளகி வழுக்கி இறங்கும், வாடையும் அடிக்கும். ஒரு துண்டை முகர்ந்து பார்த்தால் தார் வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

கதவுத் தகட்டின் உட்புறத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசை, தூசி இல்லாமல் ஆக்குங்கள். வெளித்தகட்டில் பரப்பு முழுவதும் ஒட்ட வேண்டியதில்லை. பாதி போதும், ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் உள்ள பகுதியை மட்டும் விடாதீர்கள். ஒட்டியதும் ரோலரால் அழுத்தித் தேய்த்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுங்கள். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள்: 'ணங்' என்று கேட்டது 'தொப்' என்று மாறியிருக்க வேண்டும். அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி விரலை வெட்டும், கையுறை கட்டாயம்.

உள்தகட்டின் பெரிய ஓட்டைகளுக்கு வெறும் ஷீட்டை மட்டும் ஒட்டினால் அது கோனோடு சேர்ந்து படபடக்கும். போர்டு அடிக்கிறவர்களிடம் கிடைக்கும் ஏசிபி ஷீட் (நடுவில் பிளாஸ்டிக், இரு பக்கமும் அலுமினியம்) துண்டையோ மெல்லிய அலுமினியத் தகட்டையோ ஓட்டையின் அளவுக்கு வெட்டி வைத்து, அதன் மேல் டேம்பிங் ஒட்டுங்கள். லாக் ராடும் கேபிளும் அசையும் இடங்களில் ஒட்டக் கூடாது. கதவின் அடியிலுள்ள நீர் வடியும் துளைகளை எக்காரணத்தாலும் மூடாதீர்கள். நீர் தேங்கினால் கதவு துருப்பிடித்துவிடும். பேடைத் திரும்ப மாட்டுவதற்கு முன் கண்ணாடியை முழுவதும் ஏற்றி இறக்கி, பூட்டித் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஸ்பீக்கரைப் பொருத்துவது

சில கார்களில் கம்பெனி ஸ்பீக்கர் ரிவெட் அடித்திருக்கும். டிரில் போட்டு ரிவெட்டை எடுத்தால், இரும்புத் துகளைத் துடைத்து முடிக்கும் வரை புது ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். காந்தம் துகளை இழுத்துக்கொண்டால் காயில் உரசும், பிறகு அதைச் சுத்தம் செய்யவே முடியாது. அடாப்டர் ரிங் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் ரிங் ஈரத்தில் ஊறிப் பிஸ்கட் மாதிரி உதிரும். ரிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் டேப் ஒரு சுற்று ஒட்டினால் காற்றுக் கசிவு நிற்கும். ஸ்பீக்கரின் முன் விளிம்பிலும் ஒரு சுற்று ஒட்டுங்கள். இல்லாவிட்டால் பாதிச் சத்தம் டோர் பேடுக்குள்ளேயே சுற்றும்.

கம்பெனி வயரை வெட்டாதீர்கள். அந்த மாடலுக்குரிய ஸ்பீக்கர் கப்ளர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வயரை வெட்டியதால் வாரண்டிச் சிக்கல் என்ற பேச்சும் வராது. "கம்பெனி வயர் மெல்லிசு, மாற்றணும்" என்று கடையில் சொன்னாலும் அவசரப்படாதீர்கள். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், போக வர 6 மீட்டர் என்றால், தடை 0.2 ஓம்தான். இழப்பு அரை டெசிபெல்கூட இல்லை. 50 வாட்ஸ் வரை அதுவே தாராளம்.

ட்வீட்டரில் ஒரு பொறி இருக்கிறது. பல கார்களில் வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒரே சேனல் வயர் பிரிந்து போகும். தாழ்ந்த ஒலியைத் தடுக்கும் கெப்பாசிட்டர் கம்பெனி ட்வீட்டரிலேயே இருக்கும். அதைக் கழற்றிவிட்டுப் புது ட்வீட்டரை நேராக இணைத்தால் சில நிமிடங்களில் எரிந்துவிடும். ட்வீட்டர் வயரிலேயே கிராஸ்ஓவர் (தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரிக்கும் பாகம்) கோர்த்து வரும் செட்டை வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

பிளஸ், மைனஸ் சரிபார்க்க 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி போதும். வூஃபரின் இரண்டு முனையில் ஒரு நொடி தொட்டால், பேட்டரியின் பிளஸ் எந்த முனையில் இருக்கும்போது கோன் வெளியே வருகிறதோ அதுதான் பிளஸ். ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக மாட்டியிருந்தால், இரண்டும் சேர்ந்து பாடும்போது இருப்பதைவிட ஒன்று மட்டும் பாடும்போது பேஸ் அதிகமாகக் கேட்கும். பேலன்ஸை இடது, வலது, நடு என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள்.

ஆம்ப்

நான்கு சேனல், ஒவ்வொன்றும் 4 ஓமில் 50 முதல் 75 வாட்ஸ் ஆர்எம்எஸ், மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை, ஹை லெவல் இன்புட் உள்ளது: இதுதான் தேட வேண்டியது. ஹை லெவல் இன்புட் இருந்தால் கம்பெனி ஸ்டீரியோவின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுக்கலாம், தனி சிக்னல் கேபிளான ஆர்சிஏ தேவையில்லை.

வயரின் தடிமனைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். 4×50 என்றால் 200 வாட்ஸ். கிளாஸ் டி ஆம்பின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால், 200ஐ 13.8ஆலும் 0.8ஆலும் வகுக்க 18 ஆம்பியர் வரும். 8 கேஜ் செம்பு வயரும் 30 ஆம்பியர் பியூஸும் போதும். பிறகு தனி ஆம்போடு சப்வூஃபர் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே இன்னும் தடிமனான 4 கேஜ் இழுத்துவிடுங்கள். இரண்டு முறை கார்பெட்டைத் தூக்கும் கூலி மிச்சம். மலிவு கிட்களில் வருவது அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர். அதன் மின்கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குதான்; அதையே பயன்படுத்துவதானால் ஒரு அளவு தடிமனாக எடுங்கள்.

மெயின் பியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காப்பாற்ற அல்ல, வயர் தீப்பிடிக்காமல் காக்க. வயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால், பியூஸுக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட நீளத்துக்குப் பாதுகாப்பே கிடையாது. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே கொண்டுவரும் துளையில் ரப்பர் குரோமெட் கட்டாயம். வெறும் தகட்டு ஓரம் அதிர்விலேயே வயரின் தோலை அறுத்துவிடும்.

எர்த் வயர் மெயின் வயரின் அதே தடிமன், 45 சென்டிமீட்டருக்குள். பாடியில் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளைத் தகடு தெரிந்த பிறகு போல்ட்டால் இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மெயின் வயர் ஒரு பக்கம் போனால் சிக்னல் வயர் மறுபக்கம் போகட்டும்.

ஆம்பை முன் சீட்டுக்கு அடியில் வைக்கலாம். தரையோடு ஒட்டாமல் ஓர் அங்குலம் தூக்கி வையுங்கள். ஏசியின் நீர் வடியும் குழாய் அடைத்தால் முதலில் நனைவது அந்தக் கார்பெட்தான். தரைத் தகட்டில் ஸ்குரூ அடிக்காதீர்கள். அடியில் பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் ஓடுகின்றன. சீட் பிராக்கெட்டில் கட்டுங்கள், அல்லது பிளைவுட் பலகையில் பொருத்திக் கார்பெட்டோடு வெல்க்ரோ போட்டு நிறுத்துங்கள். எல்லா இணைப்பும் முடிந்த பிறகு பேட்டரி டெர்மினல், கடைசியாக மெயின் பியூஸ். இந்த வரிசை மாறக் கூடாது.

கெயின் வைப்பது

கெயின் வால்யூம் அல்ல. ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலும் ஆம்பின் கொள்ளளவும் ஒரே புள்ளியில் முடியும்படி பொருத்தும் திருகு அது. ஸ்பீக்கர் வெடித்த கார்களில் பெரும்பாலும் கெயின் முழுவதும் திருகப்பட்டிருக்கும்.

ஈக்வலைசரைச் சமமாக வையுங்கள், பேஸ் பூஸ்ட், லவுட்னெஸ் அணைத்துவிடுங்கள். ஆம்பில் ஃபில்டரை 'ஃபுல்' நிலைக்கு மாற்றுங்கள், கெயினை முழுவதும் குறையுங்கள், ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். யுஎஸ்பியில் 0 டெசிபெல் 60 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றைப் போட்டு, ஸ்டீரியோ வால்யூமை முக்கால்வாசியில் வையுங்கள். 40 வரை இருந்தால் 30. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்பின் ஸ்பீக்கர் முனையில் பிடியுங்கள். எவ்வளவு வர வேண்டும்? வாட்ஸை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 50 வாட்ஸ், 4 ஓம் என்றால் 200, அதன் வர்க்கமூலம் 14.1 வோல்ட். 75 வாட்ஸ் என்றால் 17.3. அந்த எண் வரும்வரை கெயினை மெதுவாகத் திருகி நிறுத்துங்கள். மலிவான மல்டிமீட்டர்கள் 50, 60 ஹெர்ட்ஸ் அருகில்தான் சரியாகக் காட்டும். அதனால்தான் 1,000 ஹெர்ட்ஸ் டோனைச் சொல்லவில்லை.

பிறகு ஸ்பீக்கரை இணைத்து ஹை பாஸ் ஃபில்டரை (குறிப்பிட்ட அளவுக்குக் கீழான ஒலியைத் தடுப்பது) போடுங்கள். சப்வூஃபர் இல்லாவிட்டால் 60 ஹெர்ட்ஸ், இருந்தால் 80. ஆறரை இன்ச் கோன் தன்னால் முடியாத ஆழத்துக்கு முயலாமல் இருந்தாலே குரல் தெளியும், சத்தமும் கூடுதலாகத் தாங்கும்.

டைம் அலைன்மென்ட் (பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும்) வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். நம் ஊரில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருவதால் வலது ஸ்பீக்கர் முந்திக்கொள்ளும். இரண்டு ட்வீட்டரிலிருந்தும் உங்கள் தலை வரை டேப்பால் அளந்து, வித்தியாசத்தை 34.3ஆல் வகுங்கள். 40 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் வலது பக்கத்துக்கு 1.17 மில்லிசெகண்ட் தாமதம். அதே அளவை இரண்டு வூஃபருக்கும் தனியாக எடுங்கள். சரியாக அமைந்தால் குரல் டாஷ்போர்டின் நடுவில் வந்து நிற்கும்.

சப்வூஃபர்

இரண்டு வாரம் கேட்டுவிட்டு, இன்னும் வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வாங்குங்கள். ஹேட்ச்பேக்கில் டிக்கியை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்களுக்கு சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இன்ச் ஆக்டிவ் சப் பொருத்தம். ஆம்ப் உள்ளேயே இருக்கும். டிக்கி இடம் போனால் பரவாயில்லை என்றால் 10 இன்ச், சீல்டு பெட்டி (காற்றுப் புகாமல் மூடியது). காற்று வெளிவரத் துளை உள்ள போர்ட்டட் பெட்டி அதிகச் சத்தம் தரும், ஆனால் மிருதங்கத்தின் தொப்பியும் கிக் டிரம்மும் தனித்தனியாகக் கேட்க சீல்டு பெட்டிதான் எங்கள் தேர்வு. அதற்கு மேலான ஒலியைத் தடுக்கும் லோ பாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸில். அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் (phase) சுவிட்சை 0, 180 என்று இரண்டிலும் வைத்துக் கேட்டு, ஓட்டுநர் சீட்டில் பேஸ் எதில் நிறைவாக இருக்கிறதோ அதில் விடுங்கள்.

தொந்தரவு வந்தால்

ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்க 'வீங்' என்ற சத்தம் ஏறினால் எர்த்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பெயிண்ட் சரியாகச் சுரண்டாமல் இருக்கும். அது சரியென்றால் சிக்னல் வயர் மெயின் வயரோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஆம்பின் புரொடெக்ட் விளக்கு எரிந்தால், ஸ்பீக்கர் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது அணைகிறதோ அந்த வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் கதவு கடகடத்தால், உள்ளே தொங்கும் வயர் கட்டுகளையும் லாக் ராடையும் துணி டேப் சுற்றி அடக்குங்கள். டிக்கியில் என்றால் பெரும்பாலும் நம்பர் பிளேட், அதன் பின்னால் ஃபோம் துண்டு வையுங்கள். காலையில் பேட்டரி இறங்கியிருந்தால், சாவி எடுத்த பிறகும் ஆம்ப் அணையாமல் இருக்கிறது என்று பொருள். ஆம்பை ஆன், ஆஃப் செய்யும் ரிமோட் வயர் எப்போதும் கரண்ட் இருக்கும் இடத்தில் இணைக்கப்பட்டிருக்கும். சிறிய பெட்ரோல் கார்களில் 35 ஆம்பியர்-அவர் பேட்டரிதான் இருக்கும், எஞ்சினை அணைத்துவிட்டு நெடுநேரம் பாட்டுக் கேட்க அது ஏற்றதல்ல.

வெளியில் வாங்கிப் போட்ட மின்சாதனங்கள் காரின் இன்சூரன்ஸில் தானாகச் சேராது. பில்லை வைத்து, புதுப்பிக்கும்போது மின் துணைச்சாதனங்கள் என்று மதிப்பைச் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

இரண்டு வாரம் ஓட்டிய பிறகு பேட்டரி டெர்மினல், பியூஸ் ஹோல்டர், எர்த் போல்ட் மூன்றையும் மறுபடி இறுக்குங்கள். அரை மணி நேரம் சத்தமாகப் பாடவிட்டு எஞ்சினை அணைத்து, பியூஸ் ஹோல்டரைக் கையால் தொடுங்கள். சுற்றியுள்ள பாகங்களைவிடச் சூடாக இருந்தால் உள்ளே வயர் சரியாகக் கடிபடவில்லை. அதைக் கழற்றி, நுனியைப் புதிதாக வெட்டி, மறுபடி கிரிம்ப் செய்யும் வரை ஆம்பை ஆன் செய்யாதீர்கள்.